பலகைக்கு எதிரே இஸ்திரிக் கொட்டகை

ரயில்வே கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் இஸ்திரி போடுகிற அந்த அம்மாளை, இஸ்திரிக்காரம்மா என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. கொடிக்காரர் சம்சாரம் என்றால்தான் கையைக் காட்டுவார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை நின்ற இடத்தில் நின்று ஊரார் சட்டைகளை மடித்துக் கொடுக்கிறவள் இவள். பெயர் மட்டும் புருஷன் என்றோ பிடித்த கொடிக்கு. சரி, உலகத்தில் நடக்காததா என்று விட்டுவிடலாம். இவள் விஷயத்தில் அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கொட்டகைக்கு நேர் எதிரே, சாலையோரத்தில், ஒரு கம்பத்தின் மேல் பச்சைப் பலகை. வார்ப்பு இரும்பு. வெள்ளை எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். பெருமழை பெய்த ஒரு மாலையில், இதற்கு அருகே பாலம் உடைந்ததைக் கண்டு, சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்தி, நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்த கேட் காவலரின் கடமையுணர்வைப் போற்றி வைத்தது என்று எழுதியிருக்கும். பஸ் கண்டக்டர்கூட அந்த நிறுத்தத்துக்கு "பலகை, பலகை, பலகையெல்லாம் இறங்கு" என்றுதான் கத்துவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொடிக்காரர் அந்தப் பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வழியில் போகிறவன் ஒருவன் நின்று முதல் வரியைப் படித்தால் போதும், மாட்டிக்கொண்டான். "அந்தக் கொடி பிடிச்ச ஆளு யாருன்னு தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்துவிடுவார். கதை வருஷா வருஷம் வளர்ந்தது. முதலில் வெறும் மழைதான் பெய்தது. பிறகு புயலாயிற்று. பிறகு ஒரு புளியமரம் அவருக்கு முன்னால் சாய்ந்து விழுந்தது. போன வருஷம் ஒரு பாம்பும் வந்து சேர்ந்துகொண்டது. அவள் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். மரத்தைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் அவளுக்கு ஒரு புகாரும் இல்லை. மனுஷனுக்கு ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் மனம் கசந்தது வேறோர் இடத்தில்.

"ரயிலை நிறுத்திட்டு ஓடி வந்து பார்க்கிறேன், வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. கதவு வெளியில தாழ்ப்பாள். எங்க வீட்டம்மா குழந்தையை உள்ள விட்டுட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தா. தொட்டில் கயிறு மட்டும் அறுந்து தொங்குது தம்பி. துணியைக்கூட வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. எங்க பாப்பா..." என்று நிறுத்தி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழுகை பொய்யில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் தலை தானாகவே கொட்டகைப் பக்கம் திரும்பும். இவளா அந்தத் தாய் என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று அவள் பழகி வைத்திருந்தாள். கையிலிருக்கும் சட்டையின் காலரைப் பார்ப்பாள். காலரைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து அழுத்துவாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் முனையில் சுருக்கம் விழும்.

ஊர் மறந்தாலும் பலகைக்குக் கீழிருந்த நாற்காலி மறக்க விடவில்லை. துணி வாங்க வந்த புதுக் குடித்தனக்காரி ஒருத்தி, "எப்படித்தான் மனசு வந்ததோ, கைக்குழந்தையைப் பூட்டிட்டுப் போக" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மகள்.

மகள் அதற்கப்புறம் சில வருஷம் கழித்துப் பிறந்தவள். அப்பாவின் கதையைக் கேட்டே வளர்ந்தவள். இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், புருஷன் லாரி ஓட்டுகிறான், இடுப்பில், தவழ்கிற வயதில், ஒரு பெண் குழந்தை. லீவு நாளில் அம்மாவைப் பார்க்க வருவாள். பாசமாகத்தான் இருப்பாள். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கி வருவாள், அம்மா தலையில் பேன் பார்ப்பாள். ஆனால் குளியலறைக்குப் போவதென்றாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். வேலைக்குப் போகும்போது முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள், அம்மாவிடம் விடமாட்டாள். ஒருநாள் இவள் வெட்கத்தை விட்டு, "நான் சும்மாதானே இருக்கேன், என்கிட்ட விடேன்" என்று கேட்டாள். சும்மா இருக்கிறவளா அவள்? அப்படிக் கேட்டால் தருவாளோ என்று ஒரு நப்பாசை. "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றாள் மகள், முகத்தைப் பார்க்காமல். அன்று ஒரு பள்ளிக்கூடச் சட்டை தீய்ந்து போயிற்று.

இந்த வருஷம் கேட்டை மூடிவிட்டு மேம்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். மண் அள்ளும் வண்டி ஒன்று பின்னால் வந்து பலகைக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. பலகை நடுவில் விரிசல் விட்டது. அவள் மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப்பார்த்தது. அதற்கு ஆயுசு கம்மி. ஊர் வரலாற்றுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பொழுதை எப்படிப் போக்குவது என்று தவித்துக்கொண்டிருந்த நல்ல மனுஷர். புதுப் பலகை வைத்தே தீருவது, அதுவும் பெரிதாக, என்று கிளம்பிவிட்டார். அதற்குள் கொடிக்காரர் மூச்சுத் திணறலில் படுக்கையில் விழுந்திருந்தார். செயலாளர் வீட்டுக்கே வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, மரம் பாம்பு உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் வரப்போவதை வார்ப்படப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன், சம்பந்தப்பட்ட குடும்பத்தின் முன்னால் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். இரும்பில் ஊற்றிய பிறகு யாரும் அழித்து எழுத முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மகளும் குழந்தையோடு வந்திருந்தாள். கொட்டகையை ஒட்டிய வீட்டின் முன்னறையில் கட்டில்; கொடிக்காரர் தலையணைகளை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார்.

"முதல்ல அந்தக் கொடியைப் பார்க்கணுமே ஐயா. கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்."

கொடிக்காரர் தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செயலாளர் விரித்துப் பார்த்து, "அடடா, நேத்து வாங்கினது மாதிரி இருக்கே! அந்த மழையில நனைஞ்ச கொடியா இது!" என்று வியந்தார். கொடிக்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டு, "பத்திரமா வெச்சிருந்தேன் சார்" என்றார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். அவர் எப்போது மூக்கைச் சொறிவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்து குடிக்கவில்லை என்று சொன்ன நாட்களிலெல்லாம் சொறிந்த மூக்கு அது.

பிறகு செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். பழைய வாசகம் முழுதும் இருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று:

"தாய் வெளியே சென்றிருந்த வேளையில், தாழிட்ட வீட்டினுள் தம் கைக்குழந்தை வெள்ளத்தில் சிக்கியிருப்பதை அறிந்தும், கடமையே பெரிதென ஓடிய இவரது தியாகம் என்றும் நினைவுகூரத் தக்கது."

"படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வந்துடும்மா" என்றார் அவளிடம். "உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?"

"கொஞ்சம் டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றாள் அவள். "பேசிட்டுச் சொல்றோம்." பேச என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்துவிட்டு, அவர் தெருமுனை டீக்கடைக்குப் போனார். யாரும் வந்து தடுக்காவிட்டால் அங்கிருந்து நேரே பட்டறைக்குத்தான் போகப்போகிறார்.

நடந்தது வேறு.

பாலம் உடைந்த அன்று மாலை கேட்டில் டியூட்டி கொடிக்காரருக்குத்தான். ஆனால் ஆள் கேட்டில் இல்லை. மழைக்கு ஒதுங்குகிறேன் என்று சாராயக் கடைக்குள் ஒதுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேட்டு ஏரியின் கரை உடைந்தது. கேட்டைத் தாண்டியிருந்த சின்னப் பாலத்தின் கல்லெல்லாம் சரிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவதை, கேட்டை ஒட்டியிருந்த ரயில்வே வீட்டின் ஜன்னல் வழியே இவள் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ரயில் வருகிற நேரம். கேட் போன் செத்துக் கிடந்தது. கொடியும் விளக்கும் வைத்திருந்த பெட்டியின் சாவி அவர் இடுப்பில். வீட்டில் சிவப்பாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பாப்பா தூங்குகிற தொட்டில் துணி. பாப்பாவைத் தூக்கித் தரையில் பாயில் விட்டாள். முடிச்சை அவிழ்க்க வரவில்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துத் துணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டாள்.

கேட்டை ஒட்டிய வீட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரே எமன் ரயில்தான். தூரத்தில் ரயில் கூவினால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வழியட்டும் என்று முதலில் கதவைத் தாழ் போடுவார்கள். தவழ்கிற பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் தண்டவாளத்துக்குப் போய்விடும். அவள் கை அந்த வேலையைத் தானாகச் செய்தது. பிள்ளையை ரயிலிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில்தான் ஓடினாள். தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்த வீட்டுக்குள் அதற்கு முன் தண்ணீர் வந்ததே கிடையாது.

வயலில் இறங்கி, இடுப்பளவு வெள்ளத்தைக் கடந்து, அந்தப் பக்கத்து மேட்டில் ஏறி, துணியை இரண்டு கையாலும் விரித்து ஆட்டிக்கொண்டு ரயிலை நோக்கி ஓடினாள். மழை இருட்டில் டிரைவர் கண்ணுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது; பிரேக் போட்டார். ரயில் என்ன சைக்கிளா, நினைத்த இடத்தில் நிற்க? அவளைத் தாண்டி வெகுதூரம் போய், உடைந்த பாலத்துக்கு முன்னால் முக்கி முனகி நின்றது. இவள் பின்னால் இருட்டில் விழுந்து கிடந்தாள். அதற்குள் விஷயம் காதில் விழுந்து கொடிக்காரர் போதை தெளிந்து ஓடி வந்து, பெட்டியைத் திறந்து கொடியை எடுத்துக்கொண்டு, தாழ் போட்ட வீட்டைக் கடந்து, வயல் வெள்ளத்தில் இறங்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறினார். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தாராம். டிரைவர் இறங்கிப் பார்த்தபோது எதிரே காக்கிச் சட்டையும் கொடியுமாக ஓர் ஆள் நின்றார். பயணிகள் இறங்கி ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் வயலைச் சுற்றித் திரும்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

அந்த வீட்டைக் கடந்து ஓடியபோது பாப்பா அழுகிற சத்தம் அவர் காதில் விழுந்ததா? அதை மட்டும் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

விசாரணைக்கு முன்னால் அவர் அவள் காலைக் கட்டிக்கொண்டார். டியூட்டியில் குடித்திருந்தது தெரிந்தால் வேலையும் போய்விடும், ஜெயிலும் உண்டு என்றார். வெளித்தாழ்ப்பாள் எப்படி வந்தது என்று கேட்பார்கள், கடைத்தெருவுக்குப் போயிருந்தேன் என்று மட்டும் சொல்லிவிடு என்றார். அவள் "சரி" என்றாள். பிள்ளையே போன பிறகு எது எப்படிப் போனால் என்ன என்றிருந்தது. அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவள் அப்புறம் வாழ்ந்த வாழ்க்கை முழுதும் நின்றது. அவர் அதற்குப் பிறகு குடியைக் குறைத்துக்கொண்டார், அவளைக் கை நீட்டி அடித்ததில்லை, மகளைத் தோளிலேயே வளர்த்தார். கெட்டவர் என்று அவளால் சொல்லவும் முடியவில்லை. அதுதான் கொடுமை.

செயலாளர் போனதும் அவள் கட்டிலருகே வந்தாள்.

"என்னங்க, அந்தப் பாப்பா வரியை எடுக்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். பாப்பாவைப் பலகையில ஏத்த வேண்டாம்."

"ஏன்? ஊருக்குத் தெரியட்டுமே."

"என்ன தெரியட்டும்? பாப்பா உள்ள இருக்கிறது தெரிஞ்சுதானா அன்னைக்கு நீங்க ஓடினீங்க?"

"தெரியாமலா? நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டுத்தானே ஓடினேன்" என்றார். மூச்சு வாங்கியது. "உனக்கென்ன தெரியும்? நீதான் கடைத்தெருவுல இருந்தியே."

அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போர்வை மேலேயே கிடந்தது. மூக்குப் பக்கம் போகவில்லை. மனுஷன் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அதையே நம்பிவிட்டார். அப்படியானால் அன்று நடந்தது தெரிந்த ஆள் இனி இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால், இரும்பில் இருப்பதுதான் நடந்தது.

"என்னம்மா இது, சாகக் கிடக்கிற மனுஷன்கிட்டப் போய்ச் சண்டை?" மகள் குழந்தையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு வேகம். மகளைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய், சாராயக் கடை, சாவி, தாழ்ப்பாள் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல? இப்ப அப்பாவால எந்திரிச்சுப் பேச முடியாதுன்னு ஆனதும் சொல்றியா?"

நியாயமான கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். மேஜை மேல் விரித்திருந்த தீய்ந்த வெள்ளைத் துணியை உருவிப் போட்டாள். அதன் கீழே பழைய போர்வை. அதன் கீழே இன்னொரு போர்வை. இஸ்திரி மேஜைக்கு மெத்தென்று இருப்பதற்காக இப்படி அடுக்கிப் போடுவார்கள். மேலே இருப்பது தீயத் தீய மாற்றுவார்கள். அடியில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், மேஜைப் பலகையோடு பலகையாக ஒட்டிக் கிடந்ததை நகத்தால் கிளப்பி எடுத்தாள். சூடு பட்டுப் பட்டு அதன் சிவப்பு கறுத்துப்போயிருந்தது. எறியவும் மனசில்லை, பார்க்கவும் தைரியமில்லை என்று கொட்டகை போட்ட அன்றே அதை அங்கே போட்டு மூடியவள். இரண்டு முனையிலும் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சாண் கயிறு, கத்தியால் அறுத்தது.

மகள் துணியை வாங்கிப் பார்த்தாள். வெள்ளம் அடித்துக்கொண்டு போன துணி என்று பிறந்ததிலிருந்து கேட்டவள். கயிற்று முனையை விரலால் தடவினாள். குழந்தை அதைப் பிடித்து இழுக்க, அவள் மெதுவாக விடுவித்தாள். துணியோடு உள்ளே போனாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, இது என்னன்னு தெரியுதா?"

கொடிக்காரர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியலையேம்மா" என்றார். கை மெல்ல மேலே வந்து மூக்கைச் சொறிந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

மகள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ஆளு டீக்கடையிலதானே இருப்பாரு?" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினாள்.

"பிடிம்மா. பட்டறைக்குப் போயிடப் போறாரு. ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

குழந்தை கைக்கு வந்தது. எப்படிப் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. முதலில் நெஞ்சோடு அணைத்தாள், அப்புறம் மூச்சு முட்டுமோ என்று தளர்த்தினாள். வாசலுக்கு வெளியே மண் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்து வீட்டில் வளர்ந்த பெண்ணல்லவா, மகள் போகிற போக்கில் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைக்கிற சத்தம் கேட்டது.

"சாத்தாதே!" என்று அலறிவிட்டாள் அவள். குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. "கதவு திறந்தே கிடக்கட்டும். நான் தூக்கி வெச்சுக்கிட்டே நிக்கிறேன். கீழே விட மாட்டேன். நீ போயிட்டு வா."